குறட்டை நோய்க்குக் காற்று யந்திரம்: தொடக்கம் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?



இந்த இதழில் குறட்டையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் கிளை நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "எழுதறதுக்கு வேற வியாதியே கெடைக்கலியா, டிரஸர்?" என்று கேட்டார். அவர் சிரித்ததில் தப்பில்லை. நம் லயங்களில் குறட்டை என்றாலே கேலிப் பேச்சுதானே. "எங்கப்பா தூங்கினா கூரைத் தகரம் ஆடும்" என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லும். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை மாற்றியவர் ஒரு தாய்.

ஒரு நாள் காலை, பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குப் போன பிறகு, அவர் கிளினிக் வாசலில் வந்து நின்றார். காய்ச்சலா என்று கேட்டேன். "எனக்கு ஒன்னும் இல்லீங்கய்யா, அவருக்குத்தான். ராத்திரி பூரா லாரி ஓட்டுறாப்புல கொறட்டை. அதுகூடப் பரவாயில்ல. நடுவுல சத்தமே நின்னு போயிடுது. நான் எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன். பத்து, பதினஞ்சு, இருபது... அப்புறம் மூச்சை இழுத்துக்கிட்டுத் திடுக்குன்னு முழிக்கிறாரு. மறுபடியும் கொறட்டை, மறுபடியும் நிக்குது. இப்படி எண்ணி எண்ணியே எனக்குத் தூக்கம் போச்சு."

அந்தத் தாய் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவர் அல்ல. ஆனால் வைத்தியப் புத்தகம் சொல்லுகிற கணக்கைத்தான் அவர் பாயில் படுத்தபடியே செய்துகொண்டிருந்தார். தூக்கத்தில் 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று எண்ண வேண்டும். மூச்சு முழுக்க நிற்காமல், வெகுவாகக் குறைந்து ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினாலும் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். மணிக்கு 5 தடைக்கு மேல் போனால் வியாதி. 15க்கு மேல் நடுத்தரம். 30க்கு மேல் கடுமை. இதைத்தான் டாக்டர்கள் ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். தமிழில் தூக்க மூச்சடைப்பு என்று சொல்லலாம்.

அவர் கணவருக்கு 46 வயது. செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். கழுத்து தடித்த ஆள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். கூப்பிட்டு விசாரித்தேன். "நல்லாத்தான் தூங்குறேன் டிரஸர்" என்றார். காலையில் தலைவலி உண்டா? உண்டு. பகலில் கண் சொக்குமா? அதற்குப் பதில் இல்லை, தலையைக் குனிந்துகொண்டார். பிறகுதான் மெதுவாகச் சொன்னார்: இரண்டு மாதத்துக்கு முன்னால் டிராக்டரின் முன் சக்கரம் கானில் இறங்கியதே, அது பிரேக்கின் கோளாறு இல்லையாம். ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே கண் அயர்ந்துவிட்டாராம். நிரையில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எட்டு அடிதான் இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா டிராக்டரப் புடுங்கிருவாங்க. அலவன்ஸ் போயிரும்" என்றார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நம் ஆட்கள் இந்த வியாதியை மறைப்பதற்குக் காரணம் அறியாமை மட்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வியாதி எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கும் மூச்சுக்குழலுக்கும் நடுவிலே இருக்கிற தொண்டைப் பகுதி வெறும் சதை. மூச்சுக்குழலுக்கு இருப்பது போன்ற குருத்தெலும்பு வளையம் அதற்குக் கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள் அதை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. தூங்கினால் பிடி தளர்கிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள், சப்பென்று ஒட்டிக்கொள்ளும். ஊதிப் பாருங்கள், விரிந்து நிற்கும். தொண்டையும் அப்படித்தான். சதை பிடித்த கழுத்து, சிறிய தாடை, பெரிய டான்சில், இவை இருந்தால் சீக்கிரம் ஒட்டும். சாராயமும் தூக்க மாத்திரையும் பிடியை இன்னும் தளர்த்தும். ஆளும் குண்டாக இருக்க வேண்டியதில்லை. நம் ஆசியாக்காரர்களுக்கு வெள்ளைக்காரரைவிடக் குறைந்த எடையிலேயே இது வருகிறது. பெண்களுக்கு வராது என்றும் நினைக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கும் அதிகமாகிறது.

இப்போது யந்திரத்துக்கு வருவோம். உறிஞ்சினால் ஒட்டுகிற டியூப் ஊதினால் விரிகிறது அல்லவா? அந்த ஊதலைத்தான் யந்திரம் செய்கிறது. பெயர் சிபேப். தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி, ஒரு குழாய், மூக்கில் மாட்ட ஒரு மூடி. இதில் வருவது சாதாரணக் காற்றுதான். மருந்தும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. கடுமையான நோய்க்கு இதைவிட நம்பகமான வேறு வைத்தியம் இன்றுவரை வரவில்லை.

இது பிறந்த கதையைத் தொழிலாளிகளான நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1980 ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாக்டர் காலின் சல்லிவன் என்பவரிடம் கடுமையான மூச்சடைப்போடு ஒரு நோயாளி இருந்தார். அந்தக் காலத்தில் இதற்கு வழி, கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு விடச் செய்வதுதான். அந்த நோயாளிக்கு அது பிடிக்கவில்லை. காற்று ஊதும் மோட்டாரையும் மூடியையும் வைத்து ஒரு ராத்திரி சோதித்துப் பார்க்க ஒத்துக்கொண்டார். பல மாதமாக நிம்மதியாகத் தூங்காத மனிதர் அன்று விடிய விடியத் தூங்கினார். 1981ல் 5 நோயாளிகளின் விவரம் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்து உலகத்துக்குத் தெரிந்தது. முதன்முதலில் அந்த மூடியை மாட்டிக்கொண்ட அந்த ஆள் யார் தெரியுமா? ஒரு கட்டுமானத் தொழிலாளி. ஆரம்ப நாட்களில் வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் ஒவ்வொரு ராத்திரியும் மூடியைப் பசை போட்டு முகத்தில் ஒட்டிக்கொண்டார்கள். நாம் இன்று வார்ப்பட்டை இறுக்குகிறது என்று முனகுகிறோம்!

"குறட்டையால யாராவது சாவாங்களா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரியில் பம்பாயில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானார். டிஸ்கோ பாட்டுக்காரர், கழுத்து நிறையத் தங்கச் சங்கிலி, நம் ஆட்களுக்கும் தெரிந்தவர். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்கள் சொன்ன காரணம் இந்த மூச்சடைப்புதான்.

சரி, டிராக்டர் அண்ணன் கதைக்குத் திரும்புவோம். கிளினிக் கேசிஹாத்தான் வழியாகக் கடிதம் வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பினேன். அவர்கள் ஒரு சின்னக் கருவியைக் கையில் கொடுத்து, ஒரு ராத்திரி வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு மெல்லிய குழாய், மார்பில் ஒரு பட்டை. அவ்வளவே. கணக்கு வந்தது: மணிக்கு 41. அவர் மனைவி எண்ணியது வீண் போகவில்லை.

அப்புறம்தான் கேள்வி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்து, தலையிலும் மார்பிலும் வயர் ஒட்டி, ஆள் உட்கார்ந்து பார்த்துக் காற்றின் அளவைத் திருத்தித் திருத்தித் தொடங்குவதா? அல்லது தானே அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோ யந்திரத்தை வைத்து வீட்டிலேயே தொடங்குவதா? ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டாக்டர், "உங்களுக்கு வீட்டிலேயே போதும்" என்று சொல்லிவிட்டார். ஆனால் லயத்தில் ஒரே விவாதம். "பணக்காரனா இருந்தா படுக்க வெச்சுப் பாத்திருப்பாங்க. நம்ம தோட்டத்து ஆளுதானேன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றார் ஒருவர். மாமியார் கிழவியோ, "ராத்திரியில மூச்சு நின்னு போனா யாரு பாக்குறது?" என்று அழுதார்.

அந்த முதல் பேச்சு என்னைச் சுட்டது. நம்மை ஏமாற்றிய காலம் உண்டு. ஆகையால் சந்தேகப்படுவது நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் இந்த விஷயத்தில் சந்தேகம் சரியல்ல. காரணத்தைச் சொல்கிறேன்.

2007ல் கனடாவில், வான்கூவர் நகரில், நோய் இருப்பது ஏறக்குறைய நிச்சயம் என்று தெரிந்த 68 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆஸ்பத்திரி ராத்திரி. மற்றதற்கு வீடும் ஆட்டோ யந்திரமும். 3 மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் குணம் ஒன்றுதான். இன்னும் சொல்லப்போனால் வீட்டில் தொடங்கியவர்கள் யந்திரத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் மாட்டியிருந்தார்கள். 2009ல் ஆஸ்திரேலியாவில் 195 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவை அனுபவமுள்ள தாதியர் வீட்டு யந்திரம் கொடுத்துக் கவனித்தார்கள். மற்றதை ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் ஆஸ்பத்திரி முறைப்படி கவனித்தார்கள். அங்கேயும் தாதியர் பிரிவு குறைந்து போகவில்லை, செலவுதான் குறைந்தது. 2013ல் தென் ஆஸ்திரேலியாவில் 155 பேர். சாதாரணக் குடும்ப டாக்டரும் தாதியும் ஒரு பக்கம், பெரிய தூக்க ஆஸ்பத்திரி மறுபக்கம். 6 மாதத்தில் பகல் தூக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைந்தது. இதையெல்லாம் பார்த்துத்தான் 2019ல் அமெரிக்கத் தூக்க மருத்துவர் சங்கம், வேறு பெரிய வியாதி சேராத பெரியவர்களுக்கு வீட்டிலும் தொடங்கலாம், ஆஸ்பத்திரியிலும் தொடங்கலாம் என்று எழுதி வைத்தது.

பணக்காரன் நாட்டில் பணக்காரனுக்கே வீட்டில் தொடங்குகிறார்கள். ஆகவே இது நமக்கென்று ஒதுக்கிய மட்ட வைத்தியம் இல்லை.

ஆனால் அந்த ஆய்வுகளை ஊன்றிப் படித்தால் இன்னொன்றும் தெரியும். வீட்டில் தொடங்கியவர்களை யாரும் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கைகழுவி விடவில்லை. முதல் வாரங்களில் டெலிபோனில் கூப்பிட்டார்கள், மூடியை மாற்றிக் கொடுத்தார்கள், யந்திரத்தின் கணக்கைப் படித்தார்கள். நம் பக்கத்தில் நடப்பது என்ன? விற்பனைக்காரர் லயத்து வாசலில் காடியை நிறுத்துவார். பெட்டியைத் திறந்து கால் மணி நேரம் விளக்குவார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். டிராக்டர் அண்ணன் வீட்டிலும் அதுவே நடந்தது. ஆறாம் நாள் நான் போய்ப் பார்க்கிறேன், யந்திரம் பையோடு சுவர் ஆணியில் தொங்குகிறது. பக்கத்தில் நாட்காட்டி, அதற்குப் பக்கத்தில் யந்திரம்!

"ஒத்து வரல டிரஸர்" என்றார். எதனால் ஒத்து வரவில்லை என்று உட்கார்ந்து பார்த்தேன். யந்திரத்தின் கண்ணாடித் திரையில் மாட்டிய நேரம் தெரியும்: ஒரு ராத்திரிக்கு ஒரு மணி பத்து நிமிஷம். காற்றுக் கசிவு மிக அதிகம். அவருக்கு நல்ல கட்டபொம்மன் மீசை. மூடியின் ஓரம் அந்த மீசை மேல் உட்கார்ந்திருந்ததால் காற்று புஸ்ஸென்று கண்ணில் அடித்திருக்கிறது. கசிவை நிறுத்த வார்ப்பட்டையை இறுக்க, மூக்குத்தண்டில் புண். வாய் வறண்டு தொண்டை எரிச்சல். தண்ணீர் ஊற்றும் சின்னத் தொட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பெட்டியைவிட்டு வெளியே எடுக்காமலே இருந்தது. போதாக்குறைக்கு வயரைப் பாய்க்கு அடியில் ஓட்டி, கூடத்திலிருந்து மின்சாரம் எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் வேறு, "அப்பாவுக்குத் தும்பிக்கை முளைச்சிருக்கு, புள்ளையார் மாதிரி" என்று சிரித்திருக்கின்றன. மனிதர் எப்படி மாட்டுவார்?

இதில் ஒன்றுகூட டாக்டர் படிப்பு வேண்டிய காரியம் இல்லை. மீசையின் மேல் உட்காராத, மூக்குத் துளையில் மட்டும் பொருந்துகிற மூடிக்கு மாற்றச் சொல்லி விற்பனைக்காரரிடம் டெலிபோனில் சண்டை போட்டேன், மாற்றிக் கொடுத்தார். வார்ப்பட்டையை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தினேன். புண்ணுக்கு மருந்து போட்டேன். தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மருந்துக் கடையில் கிடைக்கும். (இன்னொரு வீட்டில் காடிக் கடையில் விற்கிற பேட்டரித் தண்ணியை ஊற்றி வைத்திருந்தார்கள். ஐயா, அது மூக்குக்கு ஏற்றதல்ல, வேண்டாம்!) காற்று முதலில் மெதுவாக வந்து பிறகு ஏறுகிற மாதிரி ஒரு பொத்தான் உண்டு, அதைக் காட்டிக் கொடுத்தேன். தினம் சாயங்காலம் நாடகம் பார்க்கிற ஒரு மணி நேரம், விழித்திருக்கும்போதே மாட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். முகம் பழகிவிட்டால் மனசு பழகிவிடும். பிள்ளைகளையும் ஒவ்வொருவராக மாட்டிப் பார்க்க விட்டோம். பிறகு தும்பிக்கைப் பேச்சு நின்றது.

மூன்றாவது வாரம் ராத்திரிக்கு 5 மணி நேரத்தைத் தாண்டினார்.

ஆட்டோ யந்திரத்தின் பெரிய லாபம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் படுக்கிற ராத்திரி ஒரே ராத்திரி. அன்று புது இடம், வயர், வெளிச்சம். யாருக்குச் சரியாகத் தூக்கம் வரும்? வீட்டில் அவர் தன் பாயில், தன் தலையணையில், தன் மின்விசிறிக் காற்றில் தூங்குகிறார். தொல்லை எங்கே வருகிறதோ அங்கேயே திருத்தலாம். நாளாக நாளாகத் தேவைப்பட்ட அளவை யந்திரமே எழுதி வைத்துக்கொள்கிறது. டாக்டர் அதைப் படித்து அளவை நிர்ணயிக்கிறார்.

நேரக் கணக்கை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? 2016ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. இந்தியா உட்பட 7 நாடுகளில், ஏற்கெனவே இருதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். யந்திரம் மாட்டியவர்களுக்கு மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை என்று முடிவு சொன்னது. அதைக் காட்டி, "பாத்தீங்களா, பிரயோஜனமில்ல" என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஆய்வில் மாட்டிய சராசரி நேரம் ராத்திரிக்கு 3.3 மணிதான். அப்படியிருந்தும் பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. இருதயத்துக்குக் காப்பு என்று நான் உறுதி கூற மாட்டேன். டிராக்டர் ஓட்டுகிறவன் பகலில் கண் விழித்திருப்பான் என்று உறுதி கூறுவேன். நமக்கு அதுவே பெரிசு. பால் மரம் வெட்டுகிறவர்கள் விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவதால் ராத்திரித் தூக்கம் குறைவு; மத்தியானம் வந்து படுப்பார்கள். அந்தத் தூக்கத்துக்கும் மாட்ட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லோரும் வீட்டில் தொடங்கலாமா? கூடாது. இங்கே நான் கண்டிப்பாகவே பேசுவேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பாட்டி, பால் வெட்டி ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். நல்ல பருமன். உட்கார்ந்தபடியே தூங்குவார். காலில் வீக்கம், உதட்டில் நீலம். மகன் எங்கேயோ உறவினர் வீட்டில் சும்மா கிடந்த ஒரு யந்திரத்தைக் கொண்டுவந்து, "டிரஸர், இதை மாட்டி விடுங்க, பாட்டிக்கும் அதே கொறட்டைதான்" என்றார். நான் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தேன். விழித்து உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் 86. யந்திரத்தைத் தொடவில்லை, ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அவருக்குத் தொண்டை அடைப்பதோடு மூச்சே ஆழமாக வராததால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கியிருந்தது. வார்டில் வைத்து ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்து, மூச்சை இழுக்க ஒரு அளவும் விட ஒரு அளவுமாகக் காற்றுத் தரும் வேறு யந்திரத்தில் தொடங்கினார்கள். வீட்டில் அந்தப் பழைய பெட்டியை மாட்டியிருந்தால், கசிவு இல்லை, சத்தம் இல்லை என்று நாங்கள் சந்தோஷமாக இருந்திருப்போம். பாட்டி காலையில் எழுந்திருக்க மாட்டார்.

ஆகவே இருதயம் பலவீனப்பட்டவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள், பக்கவாதம் வந்தவர்கள், தசை நோய் உள்ளவர்கள், அபின் வகை வலி மருந்து சாப்பிடுகிறவர்கள், பகலிலேயே ஆக்சிஜன் குறைந்தவர்கள், இவர்களெல்லாம் எத்தனை மாதம் காத்திருந்தாலும் ஆஸ்பத்திரியில்தான் தொடங்க வேண்டும். காத்திருப்பு நீண்டால் ஸ்பெஷலிஸ்டுக்கு மறுபடி கடிதம் எழுதுவது என் வேலை, கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

பழைய யந்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில ஆயிரம் வெள்ளி விலை என்பதால் இரண்டாங்கை தேடுகிறார்கள். அடுத்தவருக்கு வைத்த அளவு உங்களுக்குப் பொருந்தாது. அதோடு 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு பொடிந்து மூச்சில் கலக்கக்கூடும் என்று தன்னுடைய யந்திரங்களை லட்சக்கணக்கில் உலகம் முழுக்கத் திரும்பக் கேட்டது. அப்படிப்பட்ட ஒன்று அத்தை வீட்டு அலமாரியிலிருந்து உங்கள் தலைமாட்டுக்கு வந்துவிடக் கூடாது. பணம் இல்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு, ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று பலகை இருக்கும். சம்பளச் சீட்டையும் டாக்டர் கடிதத்தையும் கொண்டுபோய், மருத்துவ உதவி நிதியான தாபுங் பந்துவான் பெருபாத்தானுக்கு மனுச் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பாரம் நிரப்ப நான் உதவுகிறேன்.

கரண்ட் போனால் மூச்சு முட்டாதா என்பது எல்லாத் தாய்மார்களும் கேட்கிற கேள்வி. மூடியில் சின்னச் சின்னத் துவாரங்கள் உண்டு, விட்ட மூச்சு வெளியேற. காற்று நின்றால் ஆளுக்கு விழிப்பு வரும், மூடியைக் கழற்றிவிடுவார். வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மூடியில், வெளிக்காற்றை உள்ளே விட ஒரு தனிக் கதவே இருக்கிறது. "காத்து வீணாப் போகுது" என்று அந்தத் துவாரத்தில் பிளாஸ்டர் ஒட்டிவிடாதீர்கள். ஒரு வீட்டில் ஒட்டியிருந்தார்கள்.

கடைசியாக, இது சங்கப் பத்திரிகை என்பதால், சங்கம் எடுத்துப் பேச வேண்டியதையும் எழுதுகிறேன். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தோட்டத்து வீடுகளுக்குப் போதுமான மின்சாரம் தரும் கடமையை முதலாளி மேல் வைத்திருக்கிறது. ராத்திரி 10 மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திய காலம் பழைய காலம். இன்று படுக்கிற அறையில் ஒரு பிளக் வேண்டும், அது விடியும்வரை வேலை செய்ய வேண்டும். இது யந்திரம் மாட்டுகிறவனுக்கு மருந்துக்குச் சமம். அடுத்தது எங்களைப் போன்றவர்களைப் பற்றி. வீட்டில் தொடங்குகிற ஒவ்வொருவரையும் முதல் மாதத்தில் நாலு தடவையாவது பார்க்க, கிளினிக் உதவியாளருக்கு நேரம் ஒதுக்க வேண்டும். இப்போது நான் போவது வேலை முடிந்து, சொந்த மோட்டார் சைக்கிளில். பாலிங், சிக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சுங்கை பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ அலைகிற பஸ் செலவையும், போகிற நாளின் சம்பளத்தையும் கணக்குப் பார்த்தால், உதவியாளர் லயத்துக்கு வருவது நிர்வாகத்துக்கும் லாபம்தான்.

மூன்றாவதுதான் மிகவும் அவசரம். வண்டி ஓட்டுகிற ஆளுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால், தூக்கக் கலக்கம் அடங்கும்வரை ஓட்டக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டிராக்டர் அண்ணனுக்கும் அப்படித்தான் கடிதம் எழுதினேன். என் கை நடுங்கித்தான் எழுதினேன், ஏனென்றால் விளைவு எனக்குத் தெரியும். அவரைப் புல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள், டிராக்டர் அலவன்சை நிறுத்தினார்கள். உண்மையைச் சொன்ன ஆளுக்குச் சம்பளம் குறைந்ததைப் பார்த்துவிட்டு, குறட்டை விடுகிற மற்ற இரண்டு டிரைவர்கள் என் கிளினிக் பக்கமே வருவதில்லை. அவர்கள் மனைவிமார் கோயிலில் என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார்கள். வைத்தியத்தில் இருக்கிற காலத்துக்கு அலவன்ஸ் குறையாது, குணமானதும் அதே வண்டி திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவரை, நான் எத்தனை கட்டுரை எழுதினாலும் அந்த இருவரும் வர மாட்டார்கள். அவர்கள் டிராக்டருக்கு முன்னாலும் பெண்கள் பழம் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அண்ணன் ஐந்தாவது வாரம் டாக்டரிடம் மறு சோதனைக்குப் போனார். யந்திரக் கணக்கில் மணிக்கு 41 என்பது 3 ஆக இறங்கியிருந்தது. ஆறாவது வாரம் டிராக்டர் திரும்பக் கிடைத்தது. அவருக்கு நிறுத்திய 5 வார அலவன்ஸ் பற்றிய புகார்க் கடிதம் கிளைச் செயலாளரிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அது மேசைக்கு வருகிறது. டிரைவர்கள் எல்லோரும், முக்கியமாக அந்த இருவரும், வந்து கேளுங்கள்.